கிரேவன் காட்டேஜுக்கு எதிரணி ரசிகராகப் போகிறீர்களா?

"எதிர் டீம் ஆளாப் போனா அடி விழுமாண்ணே?"

இங்கிலாந்துக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்து, முதல் முறையாகக் கால்பந்து மேட்ச் பார்க்கக் கிளம்பும் தம்பிகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான். எண்பதுகளின் கலவரக் கதைகள் இன்னும் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அடி விழாது. அதுவும் ஃபுல்ஹம் அணியின் மைதானமான கிரேவன் காட்டேஜில் விழவே விழாது. தேம்ஸ் ஆற்றங்கரையில், ஒரு பூங்காவுக்கும் செங்கல் வீடுகளுக்கும் நடுவே இருக்கும் அந்த மைதானத்தைப் போலச் சாதுவான இடம் பிரீமியர் லீக்கில் குறைவு. எதிரணி ரசிகராகப் பழக அதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் சாதுவான இடம் என்பதாலேயே புதியவர்கள் அங்கே அசட்டையாக இருந்து மாட்டிக்கொள்கிறார்கள். நானும் ஒரு முறை மாட்டினேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் குடியிருப்பது கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம். அங்கே இருந்துகொண்டு வெஸ்ட் ஹாமைத் தவிர வேறு அணியைப் பிடிப்பது கஷ்டம். ஆகவே ஃபுல்ஹமுக்குப் போகும்போதெல்லாம் நான் எதிரணி ஆள்தான். இங்கே இதற்கு 'அவே' என்று பெயர். சொந்த மைதானத்தில் ஆடும் அணி 'ஹோம்', தேடிப் போய் ஆடும் அணி 'அவே', கூடவே போகிறவர்கள் அவே ரசிகர்கள், அவர்களை உட்கார வைக்கும் இடம் அவே எண்ட். இந்த நாலு சொல் தெரிந்தால் போதும், மிச்சத்தை அங்கே போய்ப் பிடித்துக்கொள்ளலாம்.

முதலில் எந்த மைதானம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

சிரிக்காதீர்கள். ஃபுல்ஹம் என்று பெயர் பார்த்து 'ஃபுல்ஹம் பிராட்வே' ஸ்டேஷனில் இறங்கி, கூட்டம் போகும் திசையில் நடந்து, கடைசியில் செல்சியின் ஸ்டாம்ஃபர்டு பிரிட்ஜ் வாசலில் போய் நின்றவர்களை எனக்குத் தெரியும். செல்சியின் மைதானம் இருப்பதும் ஃபுல்ஹம் பகுதியில்தான். 1905-இல் ஸ்டாம்ஃபர்டு பிரிட்ஜை வைத்திருந்தவர்கள் ஃபுல்ஹம் அணியைத்தான் முதலில் அங்கே ஆட அழைத்தார்கள். ஃபுல்ஹம்காரர்கள் மாட்டேன் என்று சொல்லிவிட, அந்த மைதானத்துக்காகவே புதிதாகப் பிறந்த அணி செல்சி. அந்த ஒரு 'மாட்டேன்' இன்றும் புதியவர்களைத் தப்பான ஸ்டேஷனில் இறக்கிவிட்டுக்கொண்டிருக்கிறது.

நீங்கள் இறங்க வேண்டியது அதற்கு இரண்டு ஸ்டேஷன் தள்ளி, புட்னி பிரிட்ஜில். ஊர்ப் பெயரைச் சொல்லும்போது நடுவில் வரும் 'ஹ' சத்தத்தை விழுங்கிவிடுங்கள். அங்குள்ளவர்கள் 'ஃபுலம்' என்றுதான் சொல்கிறார்கள்.

டிக்கெட்

மேட்ச் அன்று போய்க் கவுண்டரில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். அவே டிக்கெட்டை விற்பது ஃபுல்ஹம் அல்ல, உங்கள் அணியின் கிளப். ஒவ்வொரு மேட்சுக்கும் வருகிற அணிக்கு ஒரு பங்கு இருக்கை ஒதுக்குவார்கள். பிரீமியர் லீக் விதிப்படி அது 3,000 அல்லது மைதானக் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு, இரண்டில் எது குறைவோ அது. கிரேவன் காட்டேஜில் 29,000-க்கும் சற்று அதிகமான இருக்கைகள்தான், எனவே உங்கள் அணிக்குக் கிடைப்பது 3,000-க்குக் கொஞ்சம் கீழே.

அந்த இருக்கைகளை கிளப் எப்படிப் பங்கிடும்? பெரும்பாலும் 'பாயிண்ட்' கணக்கு. முன்பு எத்தனை அவே மேட்சுக்குப் போயிருக்கிறீர்கள் என்று பார்த்து, அதிகம் போனவர்களுக்கு முதலில் கொடுப்பார்கள். புதிதாகச் சேர்ந்தவருக்கு லண்டன் அணிகள் மோதும் சனிக்கிழமை மேட்ச் கிடைப்பது அரிது. வழி என்னவென்றால், கிளப் உறுப்பினராகச் சேர்ந்து, யாரும் அவ்வளவாகப் போக விரும்பாத மேட்சுகளுக்கு முதலில் போங்கள். குளிர்கால செவ்வாய்க்கிழமை இரவு, வட இங்கிலாந்தின் ஒரு மூலை, தோற்பது உறுதி என்று எல்லோரும் சொல்லும் மேட்ச். அப்படி நாலைந்து போனால் பாயிண்ட் ஏறும்.

விலையில் ஒரு நல்ல செய்தி உண்டு. 2016-17 சீசனிலிருந்து பிரீமியர் லீக்கில் பெரியவர்களுக்கான அவே டிக்கெட் 30 பவுண்டைத் தாண்டக் கூடாது. ஃபுல்ஹமில் ஹோம் டிக்கெட்டுகள், குறிப்பாக ஆற்றோரம் புதிதாகக் கட்டிய பார்வையாளர் மாடமான ரிவர்சைடு ஸ்டாண்டு டிக்கெட்டுகள், அந்த ஊர் ரசிகர்களே சண்டை பிடிக்கும் அளவுக்கு விலை கூடியவை. ஆக, விருந்தாளி கொடுப்பது வீட்டுக்காரர் கொடுப்பதைவிடக் குறைவு. இப்படி ஒரு ஏற்பாடு வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

வெளியே நின்று 'டிக்கெட், டிக்கெட்' என்று காதோரம் கிசுகிசுப்பவர்களிடம் வாங்காதீர்கள். கிளப்பின் அனுமதி இல்லாமல் கால்பந்து டிக்கெட்டை மறுபடி விற்பது இங்கே 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். போலி டிக்கெட்டாக இருந்தால் பணமும் போய், வாசலிலிருந்தே திரும்ப வேண்டியதுதான்.

இப்போது நான் மாட்டிய கதை. அலுவலகத்தில் ஒரு நண்பர் ஃபுல்ஹம் ரசிகர். அவர் மனைவிக்குக் காய்ச்சல், ஒரு டிக்கெட் மீதி இருந்தது. "வா, யாருக்குத் தெரியப் போகிறது" என்றார். இடம் ஹேமர்ஸ்மித் எண்ட், அதாவது ஹோம் ரசிகர்களின் கோட்டை. வெஸ்ட் ஹாம் மஃப்ளரைக் கோட்டுக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அரை மணி நேரம் நல்ல பிள்ளையாக இருந்தேன். அப்புறம் எங்கள் பையன் ஒருவன் கோல் போட்டான். நான் எழவில்லை, என் முழங்கால்கள் எழுந்தன. ஒரு விநாடிதான். சுற்றிலும் ஐயாயிரம் பேர் வாயடைத்து உட்கார்ந்திருக்க, நான் மட்டும் பாதி நாற்காலியில் பாதி ஆகாயத்தில். பக்கத்தில் இருந்த வயதானவர், மைதானத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, சட்டைப்பையிலிருந்து ஒரு பெப்பர்மிண்ட்டை எடுத்து நீட்டினார். "உட்காருப்பா. நான் எதையும் பார்க்கவில்லை" என்றார்.

அவர் அப்படிச் சொன்னது என் அதிர்ஷ்டம். மைதான விதிப்படி, ஹோம் பகுதியில் எதிரணி ரசிகர் இருப்பது தெரிந்தால் வெளியே அனுப்பிவிடலாம், டிக்கெட் கொடுத்த நண்பரின் உறுப்பினர் கணக்குக்கும் சிக்கல் வரலாம். ஃபுல்ஹமில் ஒரு காலத்தில் அவே எண்டின் பக்கத்திலேயே நடுநிலை ரசிகர்களுக்கென்று தனியாக ஒரு பகுதி வைத்திருந்தார்கள். எந்த அணியும் இல்லாத சுற்றுலாப் பயணி, கலப்புத் திருமணக் குடும்பம் என்று எல்லோரும் அங்கே சேர்ந்து உட்காருவார்கள். அப்படி ஒன்று உங்களுக்குக் கிடைத்தால் சரி. இல்லையென்றால் அவே எண்ட் டிக்கெட், அல்லது வீட்டில் டிவி. நடுவழி வேண்டாம்.

தேதியை நம்பாதீர்கள்

சீசன் அட்டவணை ஜூன் மாதம் வெளியாகும். அதில் சனிக்கிழமை 3 மணி என்று போட்டிருப்பதைப் பார்த்து உடனே ரயில் டிக்கெட் வாங்குவது புதியவர் செய்யும் தவறு. டிவிக்காரர்கள் தங்களுக்கு வேண்டிய மேட்சுகளை எடுத்து வெள்ளி இரவுக்கும் ஞாயிறு மதியத்துக்கும் திங்கள் இரவுக்கும் தூக்கிப் போடுவார்கள். அந்த மாற்றம் அறிவிக்கப்பட்ட பிறகே பயணத்தை முடிவு செய்யுங்கள். இன்னொன்று, சனிக்கிழமை மாலை 2.45 முதல் 5.15 வரை இங்கிலாந்தில் எந்த லீக் மேட்சையும் நேரலையாகக் காட்ட மாட்டார்கள். உங்கள் மேட்ச் 3 மணியிலேயே நின்றுவிட்டால், அதைப் பார்க்க ஒரே வழி நேரில் போவதுதான்.

வார இறுதி என்றால் டியூப், அதாவது லண்டன் சுரங்க ரயில், பராமரிப்பு வேலை என்று பாதையை மூடுவதும் சகஜம். முந்தைய நாள் இரவே டிஸ்ட்ரிக்ட் லைன் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத் தூங்குங்கள். மார்ச் கடைசி அல்லது ஏப்ரலில், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் படகுப் போட்டி நடக்கும் நாளில் புட்னி பக்கமே தலைவைக்க முடியாது. அந்தப் போட்டி தொடங்குவது புட்னி பாலத்தடியில், படகுகள் போவது இந்த மைதானத்தை உரசிக்கொண்டு.

போகும் வழி

காரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மைதானத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் குடியிருப்பவர்களின் வண்டிக்குத்தான் அனுமதி, மேட்ச் நாளில் அபராதச் சீட்டு எழுத ஆள் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். ஹேமர்ஸ்மித் பாலம் விரிசல் விட்டதால் 2019-இல் வண்டிகளுக்கு மூடப்பட்டது. அதிலிருந்து புட்னி பாலத்தில் நெரிசல் தாங்க முடிவதில்லை.

ஆற்றுக்கு அந்தக் கரையில், புட்னி எம்பேங்க்மெண்ட் என்ற கரையோரச் சாலையில், இலவசமாக நிறுத்த இடம் இருப்பது போலத் தெரியும். அங்கேதான் ஆறு தன் வேலையைக் காட்டும். தேம்ஸ் இந்த இடத்தில் கடலின் பேச்சைக் கேட்கும் ஆறு. ஒரு நாளைக்கு இரண்டு முறை நீர் ஏறி, இரண்டு முறை இறங்கும். நீங்கள் நிறுத்தும்போது படகுக்காரர்கள் கீழே சேற்றில் நடந்துகொண்டிருப்பார்கள். பெரிய ஏற்றம் உள்ள நாளில் மேட்ச் முடிந்து வந்தால் காரின் சக்கரம் தண்ணீரில் இருக்கும். அதற்கும் மேலே ஏறி, கதவு வரை நனைந்து நின்ற கார்களைப் பார்த்திருக்கிறேன். எச்சரிக்கைப் பலகை இருக்கிறது, படிப்பவர்தான் இல்லை.

டியூபில் வருவதென்றால் டிஸ்ட்ரிக்ட் லைனில் விம்பிள்டன் கிளை. கிங்ஸ் கிராஸில் இறங்கும் வடக்கத்திய ரசிகர்கள் பிக்காடில்லி லைனில் ஏர்ல்ஸ் கோர்ட் வந்து மாற வேண்டும். எங்களைப் போலக் கிழக்கிலிருந்து வருகிறவர்களுக்கும் மாறும் இடம் ஏர்ல்ஸ் கோர்ட்தான். அங்கே நடைமேடையில் பழைய காலத்துப் பலகை ஒன்று தொங்கும். ஊர்ப் பெயர்கள் வரிசையாக இருக்க, அடுத்து வரும் வண்டி எதற்குப் போகுமோ அந்தப் பெயருக்கு நேரே அம்புக்குறி எரியும். 'விம்பிள்டன்' எரியும் வரை ஏறாதீர்கள். கூட்டம் ஏறுகிறதே என்று ஏறினால் ரிச்மண்டுக்கோ ஈலிங்குக்கோ போய்ச் சேருவீர்கள்.

வாட்டர்லூ பக்கம் தங்கியிருப்பவர்கள் டியூபை மறந்துவிட்டு, புட்னி போகும் சாதாரண ரயிலைப் பிடிக்கலாம். இறங்கி, ஹை ஸ்ட்ரீட் வழியே நடந்து, பாலத்தைக் கடந்தால் போதும். ஹேமர்ஸ்மித்தில் இறங்கி அரை மணி நேரம் நடப்பவர்களும் உண்டு, நடக்க முடியாதவர்களுக்கு ஃபுல்ஹம் பேலஸ் ரோட்டில் 220 பஸ் இருக்கிறது. ஆனால் அந்த வழி ஹோம் ரசிகர்களின் வழி. அவே ரசிகர்கள் உட்காரும் புட்னி எண்ட் உங்களுடையது, எனவே புட்னி பக்கமிருந்து வருவதே தோது.

பாதி மேட்ச் இந்த நடையில் இருக்கிறது

புட்னி பிரிட்ஜ் ஸ்டேஷனிலிருந்து மைதானம் ஒரு கால் மணி நேர நடை. இதற்கு மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள் என்பது என் யோசனை.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து பாலத்தை நோக்கிப் போய், சாலைக்கு அடியில் போகும் சுரங்கப் பாதையைக் கடந்தால் ஆல் செயிண்ட்ஸ் தேவாலயம். அதன் பக்கத்திலேயே பிஷப்ஸ் பார்க் தொடங்கிவிடும். பெயருக்குக் காரணம், உள்ளே இருக்கும் ஃபுல்ஹம் அரண்மனை. லண்டன் பிஷப்புகள் ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக வைத்திருந்த இடம் அது. இப்போது அருங்காட்சியகம், உள்ளே போகக் காசு இல்லை. குழந்தைகளோடு சீக்கிரம் வந்துவிட்டால் அங்கே நேரத்தைப் போக்கலாம். சுத்தமான கழிப்பறையும் இருக்கிறது, அதன் அருமை இடைவேளையில் தெரியும்.

பூங்காவில் ஆற்றோரமாக ஒரு நீளமான பாதை. இரண்டு பக்கமும் பெரிய பிளேன் மரங்கள், இடது கைப்பக்கம் சுவர், சுவருக்குக் கீழே ஆறு. நான் வழக்கமாக உட்காரும் பெஞ்சு பாதி வழியில் இருக்கிறது. வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த புளியோதரையை அங்கே பிரித்தால், ஒரு படகில் எட்டுப் பேர் துடுப்பு போட்டுக்கொண்டு போவார்கள், சைக்கிளில் ஒரு பயிற்சியாளர் எதிர்க்கரையில் ஒலிபெருக்கியில் அவர்களைத் திட்டிக்கொண்டே வருவார். ஃபுல்ஹம் ரசிகர் ஒருவர் பேரனோடு அந்தப் பக்கம் போனால் என் டப்பாவை எட்டிப் பார்த்து, வாசனையைப் பாராட்டிவிட்டு, "இன்று தோற்கப் போகிறீர்கள்" என்று அன்பாகச் சொல்லிவிட்டுப் போவார். அந்த ஊர் விரோதத்தின் அளவு அவ்வளவுதான்.

மைதானத்துக்குள் சைவச் சாப்பாடு என்றால் சிப்ஸ், அதிர்ஷ்டமிருந்தால் ஒரு சைவ 'பை' (உள்ளே காய்கறி வைத்துச் சுட்ட மாவுப் பண்டம்). எனவே பெஞ்சிலேயே சாப்பிட்டுவிடுங்கள். குடிக்க நினைப்பவர்களுக்கு, அவே ரசிகர்கள் வழக்கமாகக் கூடும் பப் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கும் எய்ட் பெல்ஸ். சின்ன இடம், பாதிக் கூட்டம் தெருவில் நிற்கும். பாலத்துக்கு அந்தப் பக்கம் புட்னியில் இன்னும் நிறைய உண்டு. உங்கள் அணி ஜெர்ஸியோடு போனால் சில பப்புகளில் வாசலிலேயே மறுத்துவிடுவார்கள், கோபப்படாமல் அடுத்ததற்குப் போங்கள்.

மாலை மேட்ச் என்றால் இருட்டிய பிறகு பூங்கா வாயில் மூடியிருக்கலாம். அப்போது ஃபுல்ஹம் பேலஸ் ரோடு வழியாகச் சுற்றிப் போக வேண்டியிருக்கும், பத்து நிமிடம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

வாசல்

பூங்கா முடியும் இடத்தில் ஸ்டீவனேஜ் ரோடு. அவே வாசல் அருகிலேயே இருந்தாலும், உடனே உள்ளே நுழைந்துவிடாமல் அந்தத் தெருவில் ஒரு முறை நடந்து பாருங்கள். ஒரு பக்கம் சாதாரணக் குடியிருப்பு வீடுகள், ஜன்னலில் திரைச்சீலை, வாசலில் குப்பைத் தொட்டி. எதிர்ப்பக்கம் தெரு நீளத்துக்குச் செங்கல் சுவர். அதுதான் ஸ்டாண்டின் முகப்பு. ஆர்ச்சிபால்டு லீட்ச் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1905-இல் கட்டியது. கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் உட்படப் பல மைதானங்களைக் கட்டிய ஆள். ஸ்டாண்டும் மூலையில் இருக்கும் காட்டேஜும் 1987-இல் பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள் ஆகிவிட்டன, இஷ்டத்துக்கு இடிக்க முடியாது.

வெளியே நிற்கும் சிலை ஜானி ஹெய்ன்ஸ். இங்கிலாந்தில் வாரம் 100 பவுண்டு சம்பளம் வாங்கிய முதல் ஆட்டக்காரர், அது 1961. இன்றைக்கு வாங்கும் சம்பளங்களை நினைத்தபடி அந்தச் சிலையைப் பார்க்கையில் ஏதோ செய்யும். அந்தப் பழைய ஸ்டாண்டுக்கு இப்போது அவர் பெயர்தான்.

சோதனை எல்லா மைதானங்களையும் போலத்தான். ஏ4 தாளைவிடப் பெரிய பை கொண்டுபோகாதீர்கள், லேப்டாப் பையோடு அலுவலகத்திலிருந்து நேராக வருபவர்கள்தான் வாசலில் நின்று கெஞ்சுவார்கள். தண்ணீர் பாட்டிலின் மூடியைக் கழற்றச் சொல்வார்கள். டிக்கெட் போனில் என்றால் சார்ஜ் இருக்கிறதா பாருங்கள், கூட்டத்தில் சிக்னல் கிடைக்காது, வீட்டிலேயே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பட்டாசு, புகைக்குண்டு எதுவும் வேண்டாம். தீபாவளி மிச்சம் ஒன்று பையில் கிடந்தாலும் அது இங்கே கைது வரைக்கும் போகும்.

உள்ளே

அவே எண்ட் இருப்பது புட்னி எண்டில், கோல் கம்பத்துக்குப் பின்னால். கூரையைத் தாங்கும் தூண்கள் சில இருக்கைகளிலிருந்து பார்வையை மறைக்கும். வாங்கும்போதே அப்படிக் குறிப்பு இருந்தால், விலை குறைவாக இருந்தாலும் முதல் தடவைக்கு அது வேண்டாம்.

இருக்கை எண் என்று ஒன்று டிக்கெட்டில் இருக்கும். அவே எண்டில் அதைப் பெரிதாக யாரும் மதிப்பதில்லை. மேட்ச் முழுக்க எல்லோரும் நின்றுகொண்டே இருப்பார்கள், முன்னால் நிற்பவரை உட்காரச் சொல்லிப் பயனில்லை. அப்பா அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள், கூட்டிப் போகிறேன் என்றால், வாங்கும்போதே கிளப்பிடம் சொல்லி உட்கார்ந்து பார்க்கும் இடமாகக் கேளுங்கள். சக்கர நாற்காலிக்கும் துணைக்கு வருபவருக்கும் தனி டிக்கெட் உண்டு.

மூலையைப் பாருங்கள். உங்கள் ஸ்டாண்டும் ஜானி ஹெய்ன்ஸ் ஸ்டாண்டும் சேரும் இடத்தில் நிஜமாகவே ஒரு வீடு இருக்கும். மாடி, பால்கனி, எல்லாம் உண்டு. அதுதான் காட்டேஜ். ஆட்டக்காரர்கள் உடை மாற்றுவது அதற்குள், மைதானத்துக்குள் வருவதும் அந்த மூலையிலிருந்துதான். வேறு மைதானங்களில் நடுக்கோட்டுக்கு நேரே குகையிலிருந்து வருவது போல வருவார்கள். இங்கே வீட்டிலிருந்து கொல்லைக்கு வருவது போல வருவார்கள். பெயருக்குக் காரணமான முதல் காட்டேஜ் இதுவல்ல. 1780-இல் கிரேவன் பிரபு கட்டிய மாளிகை அது, 1888-இல் எரிந்து போனது. காடு மண்டிக் கிடந்த அந்த இடத்தைப் பிடித்துத்தான் ஃபுல்ஹம் 1896-இல் இங்கே ஆடத் தொடங்கியது.

2002 வரை இங்கே நின்று பார்க்கும் படிக்கட்டுகள் இருந்தன. பிரீமியர் லீக்கில் அப்படி ஆடிய கடைசி அணி ஃபுல்ஹம்தான். அப்புறம் இரண்டு வருடம் வேறொரு அணியின் மைதானத்தில் குடியிருந்துவிட்டு, இருக்கைகள் போட்ட பிறகு 2004-இல் திரும்பி வந்தார்கள். 1938-இல் மில்வால் அணி ஆட வந்தபோது இதே இடத்தில் 49,335 பேர் நின்றிருக்கிறார்கள். அவர்கள் எங்கே நின்றார்கள் என்று ஒவ்வொரு முறையும் யோசிப்பேன், பிடிபட்டதில்லை.

பாட்டு தெரியவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். பக்கத்தில் இருப்பவர் வாயைப் பார்த்தால் மூன்றாவது முறை வந்துவிடும். ஃபுல்ஹம் ரசிகர்களைச் சீண்டுவதற்கென்றே சில பாட்டுகள் உண்டு. ஒரு காலத்தில் கிளப்பே அவர்களுக்கு அட்டையில் செய்த கைதட்டும் விசிறிகளைக் கொடுத்தது, சத்தம் வரட்டும் என்று. அந்தக் கேலியை அவர்களால் இன்னும் முழுதாகக் கழுவ முடியவில்லை. எங்கள் ஆட்களுக்கு வேறொரு ஆயுதமும் இருக்கிறது. 1975 எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டியில் ஃபுல்ஹமை 2-0 என்று வென்றது வெஸ்ட் ஹாம். அன்று ஃபுல்ஹம் சட்டையில் தன் பழைய அணிக்கு எதிராக ஆடியவர் பாபி மூர், 1966-இல் உலகக் கோப்பையைத் தூக்கிய அதே ஆள். எங்கள் தெய்வத்தை அவர்கள் பக்கம் நிறுத்தி நாங்கள் ஜெயித்த கதை அது.

கேலிக்கும் எல்லை உண்டு. நிறவெறிக் கோஷம், மைதானத்துக்குள் எதையாவது எறிவது, உள்ளே ஓடுவது, மூன்றும் 1991 சட்டப்படி குற்றம். நம் முகத்தைப் பார்த்து யாராவது ஏதாவது சொன்னால், அது எதிரணி ஆளானாலும் உங்கள் பக்கத்து ஆளானாலும், திருப்பிச் சண்டைக்குப் போகாமல் வரிசை எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு காவலரிடமோ பாதுகாப்புப் பணியாளரிடமோ சொல்லுங்கள். கால்பந்தில் நிறவெறியை எதிர்க்கும் கிக் இட் அவுட் அமைப்பிடமும் புகார் கொடுக்கலாம். சத்தியமாகச் சொல்கிறேன், இத்தனை வருடத்தில் இந்த மைதானத்தில் எனக்கு அது தேவைப்பட்டதில்லை.

பீர் கிடைக்கும், ஆனால் மைதானம் கண்ணில் படும் இடத்தில் குடிக்கக் கூடாது. 1985-இல் வந்த சட்டம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஓவலில் கிரிக்கெட் பார்க்கும்போது நாள் முழுக்கக் கையில் கோப்பையோடு உட்காரலாம், கால்பந்துக்கு மட்டும் இந்தத் தடை. எனவே இடைவேளையில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் ஸ்டாண்டின் பின்பக்கம் இறங்குவார்கள். டீயோ கழிப்பறையோ வேண்டுமென்றால் 40-ஆவது நிமிடத்திலேயே இறங்கிவிடுங்கள். அந்த ஐந்து நிமிடத்தில் கோல் விழும், அது விதி.

உடுப்பு. நவம்பருக்குப் பிறகு ஆற்றிலிருந்து வரும் ஈரக்காற்று பூங்காவைத் தாண்டி நேராகக் கழுத்துக்கு வரும். உடம்புக்கு இரண்டு சட்டை போடுவதைவிடக் காலுக்கு இரண்டு காலுறை போடுவது முக்கியம், காங்கிரீட்டில் இரண்டு மணி நேரம் நிற்கப் போகிறீர்கள். குல்லா வேண்டும். குடை உள்ளே ஆகாது, பின்னால் இருப்பவர் பார்க்க வேண்டாமா?

திரும்பும் வழி

விசில் ஊதியதும் எல்லோரும் ஒரே பூங்கா வழியாகப் புட்னி பிரிட்ஜ் ஸ்டேஷனுக்குப் பாய்வார்கள். அது சின்ன ஸ்டேஷன். வாசலில் போலீஸ் நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடுவார்கள். வரிசையில் இரண்டு அணி ஆட்களும் கலந்து நிற்பார்கள். நீங்கள் ஜெயித்திருந்தால் மஃப்ளரைக் கோட்டுக்குள் தள்ளி ஜிப்பைப் போட்டுவிடுங்கள். பயத்தால் அல்ல, தோற்றுப் போய் நிற்பவர் பக்கத்தில் நிற்கும்போது அது ஒரு மரியாதை.

நிற்கப் பொறுமை இல்லையென்றால் பாலத்தைக் கடந்து நடங்கள். புட்னி ரயில் நிலையமும், இன்னும் கொஞ்சம் தள்ளி ஈஸ்ட் புட்னி டியூபும் இருக்கின்றன. ஈஸ்ட் புட்னியில் ஏறுவதில் ஒரு லாபம், அடுத்த ஸ்டேஷனான புட்னி பிரிட்ஜில் கூட்டம் உள்ளே நெருக்கும்போது நீங்கள் ஏற்கனவே உட்கார்ந்திருப்பீர்கள். பசி தாங்காது என்றால் புட்னியிலிருந்து டூட்டிங் போகும் பஸ்ஸைப் பிடியுங்கள். அங்கே தோசையும் கொத்து ரொட்டியும் கிடைக்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன, மேட்ச் என்ன ஆச்சு என்று கல்லாவில் இருப்பவரே கேட்பார்.

பாலத்தில் நடக்கும்போது ஒரு நிமிடம் நின்று மைதானம் இருக்கும் திசையைப் பாருங்கள். ஆற்று வளைவில் மரங்களுக்குப் பின்னால் விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருக்கும். கீழே எம்பேங்க்மெண்டில் யாருடைய காராவது தண்ணீரில் நிற்கிறதா என்றும் பாருங்கள். நான் தவறாமல் பார்ப்பேன்.